ரஷ்யக் கடைப் பலகைகளும் ஒத்துக்கொள்ளாத சாப்பாடும்

எங்கள் ஊரில் யார் எங்கிருந்து பாதியில் திரும்பி வந்தாலும் காரணம் ஒன்றுதான்: சாப்பாடு ஒத்துக்கவில்லை. சென்னை ஹாஸ்டலை விட்டு ஓடிவந்த பையனுக்குச் சாப்பாடு ஒத்துக்கவில்லை. துபாய் வேலையை உதறிவிட்டு வந்தவருக்கும் அதே. கட்டிக்கொடுத்த சூட்டோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிற பெண்ணுக்குக்கூட, முதல் சில நாட்களுக்கு மாமியார் வீட்டுச் சாப்பாடுதான் ஒத்துக்கவில்லை. சொல்கிறவர்களுக்கும் உண்மை தெரியும், கேட்கிறவர்களுக்கும் தெரியும். "அய்யய்யோ, ஒடம்பு எப்டி எளச்சிட்டுது பாரு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். செஞ்சியில் அது ஒரு மரியாதை.

அந்த மரியாதையை எனக்கும் செய்தார்கள். ஆரம்பித்து வைத்தது என் அம்மா. ரஷ்யாவில் டாக்டருக்குப் படிக்கப் போன நான், மூன்றாம் வருட விடுமுறைக்கு வந்தவள், இனி போகமாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். பரீட்சையில் தோற்கவில்லை. யாரும் துரத்தவில்லை. காதல் கத்தரிக்காய் ஒன்றும் இல்லை. டாக்டர் ஆவது எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அம்மா அழுது பார்த்தாள், சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். நான் அசையவில்லை என்றதும் ஒருநாள் காலையில் பால் வாங்கப் போன இடத்தில், "அங்க சாப்பாடே ஒத்துக்கலியாம், அதான் வந்துட்டா" என்று சொல்லிவிட்டு வந்தாள். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. என் அப்பா, அதாவது நைனா, நெல் விற்கும் கமிட்டியில் நான்கு பேர் நடுவில், "எல்லாம் பன்னிக்கறிதானாம்" என்று தன் பங்குக்கும் சேர்த்துவிட்டார்.

எனக்கு அப்போது யாரோடும் மல்லுக்கட்டத் தெம்பில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஊர் எனக்கு 'ரஷ்யா டாக்டர்' என்று பெயர் வைத்தது. காய்ச்சல் என்றால் மாத்திரை கேட்பார்கள், சிரித்துக்கொண்டே. நான் முறைப்பேன். அந்தக் குளிர் தேசத்திலிருந்து நான் கொண்டுவந்தது பட்டம் இல்லை, பாஷை. அதை வைத்துத்தான் இத்தனை வருடமாக வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து மொழிபெயர்த்துச் சம்பாதிக்கிறேன். ஓட்டல் விளம்பரம், இயந்திரத்தோடு வரும் குறிப்பு, சுற்றுலா ஆப், எது வந்தாலும் ரஷ்யனிலிருந்து ஆங்கிலத்துக்கு.

திருவண்ணாமலை ரோட்டில் ஒரு செல்போன் கடைக்கு மேலே, வெளிநாட்டுக்கு டாக்டர் படிக்கப் பிள்ளைகளை அனுப்பும் ஆபீஸ் ஒன்று இருக்கிறது. அதை நடத்துகிறவர் சென்ற வருடம் எனக்குப் போன் செய்தார். பேச்சில் தேன் ஒழுகும் ஆள்.

"மேடம், சின்ன வேலதான். அங்க படிக்கிற பசங்க கடை போர்டுங்கள எல்லாம் போட்டோ எடுத்து அனுப்பியிருக்காங்க. ஒவ்வொண்ணுக்கும் கீழ இங்கிலீஷ்ல இன்னான்னு போட்டுக் குடுத்துட்டீங்கன்னா, புக்கா அடிச்சு புதுசா போற பசங்க கையில குடுத்துடுவேன்."

"தமிழ்லயே போட்டுடலாமே?"

"தமிழ்ல போட்டா பேரண்ட்ஸுக்கு வெளிநாடு மாதிரி தெரியாது மேடம்."

எரிச்சலாக இருந்தாலும் ஒப்புக்கொண்டேன். சொல்லப்போனால் ஆசையாகவே ஒப்புக்கொண்டேன். உடற்கூறியல் எல்லாம் எனக்கு மறந்தே போய்விட்டது. ஆனால் அந்த ஊரில் எந்தப் பலகைக்குக் கீழே என்ன விற்பார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

முதல் படம் 'ப்ரதூக்தி'. அங்கே தெருவுக்குத் தெரு தொங்கும் பலகை அது. மொழிபெயர்ப்பு ஆப்பைத் திறந்து போனைக் காட்டினால் 'ப்ராடக்ட்ஸ்' என்று சொல்லும். இங்கே பக்கத்து வல்லத்திலிருந்து போன பிள்ளை பசியோடு நின்று 'ப்ராடக்ட்ஸ்' என்று படித்தால் என்ன நினைக்கும்? சோப்பு விற்கிறார்களா, பேட்டரி விற்கிறார்களா? நானே போன புதிதில் அதை எலெக்ட்ரிக் சாமான் கடை என்று நினைத்து வாசலோடு தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். உள்ளே பார்த்தால் ரொட்டி, பால், முட்டை, சர்க்கரை, உருளைக்கிழங்கு. தின்கிற பொருள் விற்கிற கடை, அவ்வளவுதான். 'ஃபுட் ஷாப்' என்று எழுதினேன்.

அடுத்தது 'கஸ்த்ரனோம்'. அகராதி 'டெலிகாடெசன்' என்றது. அகராதி எழுதியவர் மகராசன், அவருக்கென்ன. நம் பிள்ளைக்கு ரஷ்யச் சொல்லும் புரியாது, அந்த ஆங்கிலச் சொல்லும் புரியாது, இரண்டு பூட்டைப் போட்டுச் சாவியைத் தொலைத்த கதையாகிவிடும். அது பழைய காலத்துப் பெரிய கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் பாலாடைக்கட்டியும் புகை போட்ட மீனும் கறி அடைத்த சாசேஜும் வரிசையாக இருக்கும். அதையே நீட்டி எழுதினேன். பெரிய உணவுக் கடை, கறியும் மீனும் அதிகம், சைவக்காரர்கள் பார்த்து வாங்கவும்.

'குலினாரியா' என்பதைப் போன் சமையல் வகுப்பு என்று காட்டியது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நம் ஊர் ஓட்டலில் மேசை நாற்காலியை எல்லாம் எடுத்துவிட்டு பார்சல் மட்டும் கட்டினால் எப்படி இருக்கும், அதுதான் குலினாரியா. சமைத்த பண்டத்தை எடை போட்டுத் தருவார்கள்.

'பகலேயா' என்ற பலகை வந்தபோது மட்டும் நான் கொஞ்ச நேரம் எதுவும் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். அரிசி, பருப்பு, மாவு, சர்க்கரை, உப்பு, டீத்தூள், எண்ணெய். கெட்டுப்போகாத, அளந்து விற்கிற சாமான். அது மளிகை. இம்மி பிசகாமல் மளிகை. ரஷ்யனிலிருந்து தமிழுக்கு அந்தச் சொல் நேராக நடந்து வருகிறது. நடுவில் ஆங்கிலத்தில் போட்டால்தான் கை கால் உடைகிறது. 'குரோசரி' என்று போட்டால் காய்கறி, பால், முட்டை எல்லாம் அதில் சேர்ந்துகொள்ளும். அதனால் 'டிரை குரோசரி' என்று எழுதி, பக்கத்தில் என்னென்ன கிடைக்கும் என்று விவரமும் போட்டேன்.

படங்களில் பூட்டிய கடைக் கதவில் ஒட்டிய காகிதம் ஒன்றும் இருந்தது: 'சனிதார்னி தியென்'. மாதத்தில் ஒருநாள் கடையை மூடிக் கழுவித் துடைக்கும் நாள். நானும் என் அறைத் தோழியும் போன புதிதில் போனில் பார்த்தோம், 'சானிட்டரி டே' என்று வந்தது. எங்கள் புத்தி எங்கே போகும்? அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது போல, இந்தக் கடைக்குள் ஏதோ நோய் வந்திருக்கிறது, எச்சரிக்கை ஒட்டியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டோம். மறுநாளே கடையைத் திறந்துவிட்டார்கள். சனங்கள் பாட்டுக்குப் போய் வருகிறார்கள். "பாவம், தெரியாம போறாங்கடி" என்று பரிதாபப்பட்டுக்கொண்டு நாங்கள் மட்டும் அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப் பொடியைத் தின்றே பல நாள் ஓட்டினோம். அந்தக் கூத்து இன்னொரு பிள்ளைக்கு நடக்கக் கூடாது. 'சுத்தம் செய்ய இன்று விடுமுறை, நாளை திறக்கும்' என்பதைத் தடித்த எழுத்தில் போட்டேன்.

கேட்காத ஒன்றையும் சேர்த்தேன். 'போஸ்னயே'. அவர்களுடைய கோயில் விரத நாட்களில் கறி, முட்டை, பால் எதுவும் சேர்க்காமல் செய்கிற உணவு. ரொட்டி உறையிலும் கேன்டீன் பலகையிலும் அந்தச் சொல்லைப் பார்க்கலாம். சைவப் பிள்ளைக்கு அந்த ஒரு சொல் தெரிந்தால் போதும், பட்டினி கிடக்க வேண்டாம்.

வேலையை அனுப்பியதும் ஆபீஸ்காரர் போன் செய்தார்.

"மேடம், சூப்பரா பண்ணியிருக்கீங்க. ஆனா ரொம்ப நீளமா போயிடுச்சு. எல்லாத்துக்கும் சூப்பர்மார்க்கெட்னு போட்டுடலாமா?"

"போடக் கூடாது சார். ஒண்ணொண்ணும் வேற வேற கடை."

"சரி விடுங்க. அந்த பகலேயா இருக்குதில்ல, அதுக்கு மட்டும் இண்டியன் குரோசரின்னு மாத்திக் குடுத்துடுங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. "அந்த ஊர்ல ஒரு இண்டியனும் கடை வெக்கல சார்."

"போட்டோல அரிசி தெரியுது, பருப்பு தெரியுது. அப்புறம் இன்னா?"

"உங்க ஊட்ல மக்ரோனி இருக்குது. அதுக்காவ உங்க ஊடு இத்தாலிக்காரன் ஊடா?"

சிரித்தார். தேன் கொஞ்சம் குறைந்தது. "கோச்சிக்காதீங்க மேடம். ஞாயித்துக்கெழம பேரண்ட்ஸ் மீட்டிங் வெச்சிருக்கேன். இண்டியன் குரோசரின்னு ஒரு வார்த்த பாத்துட்டாங்கன்னா தாய்மாருங்க நிம்மதியா கையெழுத்து போடுவாங்க. நீங்களே சாப்பாடு ஒத்துக்காம வந்தவங்கதான. உங்களுக்குக் கெடைக்கலன்றதுக்காவ ஊருக்கே கெடைக்காதுன்னு எழுதுனா எப்டி?"

போனை வைத்த பிறகும் உடம்பு தகதகவென்று எரிந்தது. எவ்வளவு தைரியம்! அம்மா எனக்காகச் சொன்ன பொய்யை எடுத்து என் வாயையே அடைக்கிறார். மாற்ற முடியாது என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை.

அதற்கு அடுத்த நாள் சிங்கவரத்திலிருந்து ஒரு பெண் சைக்கிளில் வந்து இறங்கினாள். அவளுடைய அம்மா எங்களுக்குப் பழக்கம். வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் தண்ணீர் குடித்து, என் அம்மாவோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போவார். நெல்லும் மணிலாக்கொட்டையும் போடுகிற குடும்பம். அந்தப் பெண்ணுக்கு இங்கே டாக்டர் சீட் கிடைக்கவில்லை, ரஷ்யாவில் கிடைத்திருந்தது. அவள் உட்காரக்கூட இல்லை.

"அக்கா, எங்கம்மா உடமாட்டேன்றாங்க."

"ஏன், ரஷ்யாவுல சண்டை நடக்குதுன்னா?"

"அதெல்லாம் இல்லக்கா. சோறு. நான் முட்டகூட தொடமாட்டேன்னு அவங்களுக்குத் தெரியும். உங்களுக்கே ஒத்துக்காம திரும்பி வந்துட்டீங்களாம், நீங்க கறி மீன் எல்லாம் சாப்புடறவங்களாம். உங்களுக்கே அந்த கதின்னா எனக்கு இன்னா கெடைக்கும்னு கேக்கறாங்க." கண் கலங்கியது, ஆனால் குரல் கலங்கவில்லை. "ஞாயித்துக்கெழம மீட்டிங்ல அங்க இண்டியன் கடை இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்கக்கா. நீங்க சொன்னா நம்புவாங்க. இல்லன்னா வர்ற தை மாசம் மாப்பிள்ள பாத்துடுவாங்க."

"இல்லாத கடைய இருக்குதுன்னு எப்டிம்மா சொல்றது?"

"நான் சமாளிச்சுக்குவேன். நீங்க சொல்லுங்க, போதும்."

அவள் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது. போகமாட்டேன் என்று நான் உட்கார்ந்த அதே பிடிவாதத்தோடு இவள் போவேன் என்று நிற்கிறாள். பொய் சொன்னால் இவள் போய்விடுவாள், போய் அங்கே இல்லாத கடையைத் தேடி அலைவாள். உண்மையைச் சொன்னால் அவளுடைய அம்மா அனுப்பமாட்டார். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். சைக்கிளை மிதித்துக்கொண்டு போனவள் திரும்பிப் பார்க்கவே இல்லை, நான் உதவமாட்டேன் என்று முடிவு செய்துவிட்டாள் போல.

உள்ளே வந்தால் அம்மா சமையலறை வாசலில் நிற்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அந்தப் பொண்ணு போவாம நிக்கறதுக்கு நீ சொன்னதுதாம்மா காரணம்," என்றேன்.

"நான் இன்னா சொன்னேன்?"

"சாப்பாடு ஒத்துக்கலன்னு சொன்னியே."

"ஆமா, சொன்னேன். உன்ன காப்பாத்த சொன்னேன். இப்போ அதுக்கு இன்னா?" குரலை உயர்த்தினாள். "மீட்டிங்ல கடையப் பத்தி கேட்டா கடையப் பத்தி மட்டும் சொல்லு. வேற எதையும் கெளறாத. நானும் வர்றேன்."

என்னைக் காவல் காக்கத்தான் வருகிறாள் என்று தெரிந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, சுவரில் படம் காட்ட ஏற்பாடு செய்திருந்தார்கள். அப்பாக்கள் பின்வரிசையில், அம்மாக்கள் முன்வரிசையில். சண்டையைப் பற்றி ஒரே ஒருவர்தான் கேட்டார். சோற்றைப் பற்றி எல்லோரும் கேட்டார்கள். சிங்கவரத்து அம்மா என் அம்மாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மகள் சுவரோரம் நின்றுகொண்டு என்னையே பார்த்தாள்.

ஆபீஸ்காரர் ஒவ்வொரு படமாகக் காட்டினார். சூப்பர்மார்க்கெட். சூப்பர்மார்க்கெட். மீண்டும் ஒரு சூப்பர்மார்க்கெட். நான் எழுதியது ஒரு வரிகூட அதில் இல்லை. பிறகு அந்தப் பகலேயா வந்தது. கீழே பச்சை எழுத்தில் கொட்டையாக 'இண்டியன் குரோசரி'. முன்வரிசையில் ஒரு பெருமூச்சே கிளம்பியது.

"இத மொழிபெயர்த்துக் குடுத்தது நம்ம ஊர் மேடம்தான். அங்க மூணு வருஷம் இருந்தவங்க," என்று என்னைக் கைகாட்டினார். நான் வாயைத் திறக்கமாட்டேன் என்று அவருக்கு நம்பிக்கை. சாப்பாடு ஒத்துக்காமல் வந்தவள் எழுந்து நின்று கடையைப் பற்றி என்ன பேசுவாள்?

எழுந்தேன். அம்மா என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். விடுவித்துக்கொண்டேன்.

"அது நான் எழுதுனது இல்ல. அங்க இண்டியன் கடை கெடையாது. அந்த போர்டுல இருக்கறது பகலேயா. மளிகைன்னு அர்த்தம். ரஷ்யாக்காரங்க மளிகை."

"மேடம், அப்புறமா பேசிக்கலாமே..." என்று ஆபீஸ்காரர் இடைமறித்தார்.

"இப்பவே பேசிடலாம் சார். எல்லாரும் இங்கதான இருக்காங்க."

படத்தை முதலிலிருந்து போடச் சொன்னேன். அவர் போடவில்லை. சுவரோரம் நின்ற அந்தப் பெண் நேராகப் போய் லேப்டாப்பில் விரலை வைத்துத் தள்ளினாள். முகம் கடுகடுவென்றிருந்தது. நான் அவள் தலையில் மண்ணைப் போடுகிறேன் என்றுதான் நினைத்திருப்பாள், ஆனாலும் தள்ளினாள்.

ஒவ்வொரு பலகையாகச் சொன்னேன். இதில் ரொட்டி சுடச்சுடக் கிடைக்கும். இதில் பாலும் தயிர் மாதிரி ஒன்றும் கிடைக்கும், புளிப்பு அதிகம், பழகிவிடும். இதில் கோஸ், கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு வருடம் முழுக்க உண்டு, கத்தரிக்காய் குளிர்காலத்தில் யானை விலை. மளிகையில் குண்டு அரிசி கிடைக்கும், பொன்னி கிடைக்காது. துவரம்பருப்பு கிடையாது, உடைத்த பட்டாணிப் பருப்பு உண்டு, அதில் சாம்பார் வைத்தால் சாம்பார் மாதிரிதான் இருக்கும். இந்தக் கண்ணாடிப் பெட்டிக் கடையில் மட்டும் எதையும் கேட்காமல் வாங்காதீர்கள், உருளைக்கிழங்குக் கூட்டு மாதிரி தெரியும், உள்ளே கறி இருக்கும். இந்தச் சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், போஸ்னயே, இது எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம். கதவில் இந்தக் காகிதம் ஒட்டியிருந்தால் நோய் இல்லை, கழுவுகிறார்கள், மறுநாள் போங்கள்.

பின்வரிசையில் ஓர் அப்பா எழுந்தார். "அப்போ புளி?"

"புளி கெடைக்காதுண்ணே. இங்கருந்துதான் எடுத்துக்கினு போவணும். மொளகாத்தூளும் குக்கரும் கூட."

அவர் தன் போனில் அதைப் பேசிப் பதிவு செய்துகொண்டார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஆபீஸ்காரர் மூலையில் யாருக்கோ போன் செய்வது போல நின்றார். கையெழுத்து போட வந்தவர்கள் யாரும் எழுந்து ஓடவில்லை என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

அப்போது சிங்கவரத்து அம்மா எழுந்தார். சத்தமில்லாத ஆள். அன்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் பேசினார்.

"இவ்ளோ கெடைக்குது, பால் கெடைக்குது, பருப்பு கெடைக்குதுன்றியே பாப்பா. அப்புறம் உனக்கு ஏன் ஒத்துக்கல?"

பக்கத்தில் அம்மாவின் மூச்சு மாறுவது எனக்குக் கேட்டது. கடையைப் பற்றி மட்டும் சொல்லு என்றிருந்தாளே. கடை தீர்ந்துவிட்டது. இதற்கு மேல் ஒரு பலகையும் பாக்கியில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, தன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு எல்லாம் ஒத்துக்கிச்சுக்கா," என்றேன். "நல்லா சாப்புட்டேன். அஞ்சாறு கிலோ ஏறித்தான் வந்தேன். டாக்டர் ஆவறது எனக்குப் புடிக்கல. அதான் வந்துட்டேன். சாப்பாட்டு மேல ஒரு தப்பும் இல்ல."

சொல்லி முடித்ததும் பயம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இத்தனை வருடம் ஊரில் என் மேல் பரிதாபப்பட்ட ஒவ்வொருவரையும் அங்கேயே நிற்கவைத்து இதைச் சொல்ல வேண்டும் போல இருந்தது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னால் இன்னும் சத்தமாகச் சொல்லியிருப்பேன்.

சிங்கவரத்து அம்மா என் அம்மா பக்கம் திரும்பினார். "ஏங்க்கா, சாப்பாடு ஒத்துக்கலன்னு நீதான சொன்ன?"

அம்மா தலையைக் குனியவில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். "பின்ன இன்னா சொல்லச் சொல்ற?" என்றாள். "அவ்ளோ தூரம் அனுப்பி வெச்ச பொட்டப் புள்ள, புடிக்கலன்னு வந்து நின்னா இந்த ஊரு சும்மா உடுமா? எவன் கூடயோ இருந்துட்டு வந்துட்டான்னு பேசும். ஒண்ணும் தெரியாத மக்குன்னு பேசும். சோறுன்னு சொன்னேன், எல்லாரும் வாய மூடினீங்க."

அப்படியில்லை என்று யாரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள், பாதிப் பேர் அவரவர் வீட்டில் அதே காரணத்தைச் சொன்னவர்கள்தானே.

சிங்கவரத்து அம்மா சுவரைப் பார்த்தார். சுவரில் கடைசிப் படம் அப்படியே இருந்தது. பிறகு மகளைக் கூப்பிட்டார். அவள் பக்கத்தில் வந்தாள்.

"போறியா?"

"போறேம்மா."

"புளி கட்டித் தர்றேன். குக்கர் வாங்கித் தர்றேன். போய் படி." மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "அங்க போய் புடிக்கலன்னா வந்துடு. சோறு ஒத்துக்கலன்னு சொல்ல வேணாம். புடிக்கலன்னே சொல்லு. நான் இருக்கறேன்."

அந்தப் பெண் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்த்து அழுதாள். எனக்குச் சந்தோஷம் என்று பொய் சொல்லமாட்டேன், பொறாமையாகத்தான் இருந்தது. என்னைக் கட்டிப்பிடித்து அழுது, விமான நிலையம் வரை வந்து, பெட்டி நிறையப் பொடியும் ஊறுகாயும் திணித்து அனுப்பியவர்கள் யாரும் இதைச் சொல்லி அனுப்பவில்லை. டாக்டராகத் திரும்பி வர வேண்டும் என்றுதான் எல்லோரும் கையசைத்தார்கள்.

ஆபீஸ்காரர் என்னிடம் வந்து, இனி அந்தப் புத்தக வேலைக்கு என்னைக் கூப்பிடப் போவதில்லை என்று மெதுவாகச் சொன்னார். "கூப்புடாதீங்க. ஆனா இண்டியன் குரோசரின்னு அடிச்சீங்கன்னா கூப்புடாமயே வருவேன்," என்றேன். படி இறங்கும்போது அவர் அந்தப் பச்சை எழுத்தை அழித்துக்கொண்டிருந்தார், பார்த்தேன்.

கூட்டு ரோடு வரை அம்மா எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். ஷேர் ஆட்டோ வந்து நின்றது, வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு நடந்தாள். என் மானத்தை வாங்கிவிட்டாயே என்று கத்தப் போகிறாள், கத்தினால் நானும் கத்துவது என்று தயாராகவே பின்னால் போனேன்.

எங்கள் தெரு முனையில் நின்றாள். திரும்பாமலே கேட்டாள்.

"அவ சொன்னா மாரி, நானும் உனக்குச் சொல்லி அனுப்பியிருக்கணுமா?"

இல்லம்மா, பரவாயில்லம்மா என்று சொல்ல வாய் வரை வந்தது. ஒரு சொல்லை இன்னொரு சொல்லால் மூடி மூடித்தான் இத்தனை வருடம் ஓடியது. விழுங்கிவிட்டேன்.

"ஆமாம்மா," என்றேன். "சொல்லியிருக்கணும்."